அப்பாவின் 206-க்கு எந்தப் பெயிண்ட்? வீட்டு முற்றமா, பட்டறையா?

வண்டி டாடாமொபைல் 206, 1994 மாடல். டாடா 1988-இல் கொண்டுவந்த பிக்கப் இது. பின்னால் வந்த சியரா, எஸ்டேட் கார்களும் இதன் தம்பிகள்தான். ஆனால் அண்ணனுக்குக் கிடைக்காத மரியாதை தம்பிகளுக்குக் கிடைத்துவிட்டது. சியராவைத் தேடிப்பிடித்துப் புதுசாக்கி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 206-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கம் ஓடிய வண்டிகளில் எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் காயலான் கடைக்குப் போய்விட்டன. (காயல்பட்டினத்துக்காரர்கள் சென்னையில் பழைய இரும்பு வியாபாரம் செய்ததால் வந்த பெயர் அது என்பார்கள். காயல்பட்டினம் எங்களுக்குப் பக்கத்து ஊர். எனவே வண்டியை அங்கே கொண்டுபோய்ப் போடு என்று கிண்டல் செய்யாத சொந்தக்காரர் இல்லை.)

இந்த வண்டியில்தான் அப்பா தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து கோவில்பட்டி, சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று 20 வருஷத்துக்கு மேல் உப்பு மூட்டை ஏற்றினார். இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே கிளம்பிவிடும். கெட்டுப்போனது உடம்பு. இரும்பையும் உப்பையும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடிவைத்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருக்கிறது.

மார்ச் கடைசியில் எப்.சி. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் ஒரு டின் பெயிண்டை அடித்து அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று மூன்று வழிக்குக் கணக்குப் போட்டேன். பூத் (தூசி புகாத பெயிண்ட் அறை) வைத்திருக்கும் பட்டறையில் தகட்டை நிமிர்த்தும் டிங்கரிங், பள்ளம் அடைக்கும் பட்டி, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய், ஒரு மாதம். பைபாஸ் ஓரத்து லாரி பெயிண்டரிடம் 18,000, மூன்றே நாள். வீட்டு முற்றத்தில் நானே செய்தால் சாமானுக்கு 25,000-லிருந்து 30,000 வரை. நாள் கணக்கு கடவுளுக்கே வெளிச்சம். வண்டியை விற்றால் ஒரு லட்சம் கிடைப்பதே அதிர்ஷ்டம் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையை மட்டும் பார்த்தால் வீட்டில் செய்வதுதான் லாபம் என்று தோன்றும். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். வேலையில் இறங்கிய பிறகுதான் மூன்று கணக்கும் மூன்று வேறு வேலைகளுக்கானவை என்று விளங்கியது.

காந்தம் சொன்ன சேதி

தெருமுனையில் ஒரு பழைய பெயிண்டர் அண்ணாச்சி இருக்கிறார். இப்போது கண் சரியில்லாததால் வேலைக்குப் போவதில்லை. விலை சரியா என்று கேட்கலாமே என்று அவரைக் கூட்டி வந்தேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பொம்மைக் காந்தத்தைக் கேட்டு வாங்கினார். அதை மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டு, கதவின் அடிப்பாகம், கேபினின் பின்மூலை என்று வைத்துக்கொண்டே போனார். சில இடத்தில் ஒட்டியது. சில இடத்தில் ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழுந்தது.

"தம்பி, இதுல பாதி வண்டி பட்டிதான்" என்றார்.

வருஷா வருஷம் எப்.சி.க்கு முன்னால் ஓட்டையைப் பட்டியால் அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறோம். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் தகடு துருப்பிடித்துக்கொண்டே போகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் பட்டியும் பெயிண்டும் சேர்ந்து உப்பி எழும்பும். நாம் அதைச் சுரண்டி மறுபடி பட்டி வைப்போம். 18,000 ரூபாய் வேலை என்பது இந்தச் சுற்றின் அடுத்த சுற்று, அவ்வளவுதான். அந்தப் பெயிண்டரைக் குறை சொல்லவில்லை. மூன்று நாளில் அவரால் செய்ய முடிந்தது அதுதான், அதை அவர் ஒளிக்கவும் இல்லை. வண்டி இன்னும் ஒரு வருஷம் ஓடினால் போதும், அப்புறம் விற்றுவிடுவேன் என்பவருக்கு அது சரியான வழி. அவரிடம் இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, ஓட்டை விழுந்த இடத்துக்கு என்ன வழி? பட்டி, பைபர் துணி ஒட்டு, தகடு வெட்டி வெல்டிங். இந்த மூன்றில் முதலிரண்டும் துருவை உள்ளே விட்டுவிட்டு மூடுகின்றன. ஆகவே எனக்கு மூன்றாவது மட்டுமே. சாதாரண ஆர்க் வெல்டிங் வேண்டாம். மெல்லிய தகட்டில் புது ஓட்டை போட்டுவிடும். சி.ஓ.2 வெல்டிங் மெஷின் வைத்திருப்பவரை வீட்டுக்கே கூப்பிட்டேன். கெட்ட தகட்டைச் சுற்றிலும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார். ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும். பேட்டரி ஒயரைக் கழற்றிவைத்தது, டீசல் டேங்கை இறக்கித் தள்ளி வைத்தது, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் வைத்தது மட்டும்தான் என் பங்கு. ஒன்றரை நாள், 9,000 ரூபாய். இந்த வேலையிலேயே மனது நிறைந்து கொடுத்த பணம் அது.

ஓட்டை விழாமல் மேல்துரு மட்டும் பிடித்த இடங்களுக்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் துருவின் மேல்பகுதி போகும். குழிக்குள் இருப்பது போகாது. அதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர் என்று கடையில் விற்கிறார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று பாஸ்பாரிக் அமிலம். இன்னொன்று டானிக் அமிலம். டானிக் வகையைத் தடவினால் செந்துரு கொஞ்ச நேரத்தில் கருநீலமாக மாறிவிடும். முதல்முறை பார்த்தபோது மாயம் மாதிரி இருந்தது. அப்புறம்தான் பொறி தட்டியது: அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான் இது. கடுக்காயில் இருப்பதும் டானின், அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. என் மட்கார்டில் நடந்தது மை காய்ச்சும் வேலை.

ஆனாலும் கன்வர்ட்டரை நம்பி துருவைச் சுரண்டாமல் விட்டுவிடக் கூடாது. உதிரும் துருவின்மேல் தடவினால் மேல்தோல்தான் கறுப்பாகும். பாஸ்பாரிக் வகையைத் தடவினால் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். அமிலம் மிச்சம் இருந்தால் மேலே அடிக்கும் எபாக்சி பிரைமர் (இரும்பை மூடும் அடிப்பூச்சு) சரியாகப் பிடிக்காது. எனவே எபாக்சி அடிக்கப்போகும் இடத்தில் நான் அமிலத்தைத் தவிர்த்துவிட்டு உப்புத்தாளையும் கையையும் நம்பினேன். கைக்குள் அடங்கும் சாமான்களை, அதாவது கதவுக் கீல், பின்பலகைக் கொக்கி, பிராக்கெட் எல்லாவற்றையும் வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு பேட்டரி சார்ஜரை இணைத்து ஒரு ராத்திரி வைத்தால் துரு கழன்றுவிடும். சாமான் மைனஸ் முனையில், பழைய இரும்புக் கம்பி ஒன்று பிளஸ் முனையில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியை மட்டும் பிளஸ்ஸில் மாட்டாதீர்கள். நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு குமிழிவிடும் என்பதால் மூடிய அறையிலும் செய்யக் கூடாது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. துருவின் குழிக்குள் உப்பு தங்கியிருக்கும். அதன்மேல் எவ்வளவு விலையுள்ள பிரைமரை அடித்தாலும், அந்த உப்பு காற்றின் ஈரத்தைப் பெயிண்டுக்கு ஊடாகவே இழுத்து, சில மாதத்தில் சிறுசிறு கொப்புளமாக எழும்பிவிடும். ஆகவே பிரைமருக்கு முன்னால் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். எங்கள் போர் தண்ணீரே கரிக்கும். கடைசிக் கழுவலுக்கு 20 லிட்டர் கேன் ஆறு வாங்கினேன். வண்டியைக் குடிக்கிற தண்ணீரில் குளிப்பாட்டுகிறான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கழுவிய கையோடு துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றே எபாக்சி. ஒரு ராத்திரி திறந்து விட்டால் காலையில் மஞ்சள் துரு பூத்திருக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 85,000 கேட்ட பட்டறையிடம் இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டபோது, துரு இருக்கும் இடத்தில் தேய்த்து, பிரைமர் அடித்து, பட்டி வைப்போம் என்றார்கள். பின்மூலைத் தகட்டை வெட்டுவீர்களா என்றால் அதற்குத் தனிக் கணக்கு. அவர்களுக்கு நேரம்தான் காசு. கீல் கீலாகக் கழற்றி ஊறவைக்க அவர்களால் முடியாது. எனக்கு நேரம் இருந்தது, கருவிதான் இல்லை. இரும்பு வேலை வீட்டில் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

பழைய பெயிண்ட் எது என்று தெரியாமல் புதுசைத் தொடாதே

மேல்பெயிண்டுக்கு வருவோம். நம் ஊர்க் கடையில் வண்டிக்கென்று கிடைப்பவை மூன்று வகை: சிந்தெட்டிக் எனாமல், டூகோ என்று எல்லோரும் சொல்லும் என்.சி., ஹார்டனர் கலக்கும் 2கே.

எனக்கு முதலில் ஆசை வந்தது என்.சி. மீது. நைட்ரோ செல்லுலோஸ் அரக்கு அது. 1920-களில் அமெரிக்காவில் டுபான்ட் கம்பெனி டூகோ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்தான் 1924 மாடலில் முதலில் அந்தப் பெயிண்டில், நீல நிறத்தில் வெளிவந்தது. அதற்கு முன்னால் ஒரு காருக்கு நிறம் அடித்துக் காய வாரக்கணக்கில் ஆகும். இது நிமிஷக்கணக்கில் காயும். கம்பெனி வைத்த அந்த விற்பனைப் பெயர் நம் ஊரில் பெயிண்டின் பெயராகவே நின்றுவிட்டது. பீரோவுக்கு அடிப்பதும் டூகோ, வண்டிக்கு அடிப்பதும் டூகோ.

சீக்கிரம் காய்வது வீட்டு முற்றத்தில் பெரிய வரம். தூசி வந்து உட்காருவதற்குள் மேல்தோல் காய்ந்துவிடும். கொசு ஒட்டினாலும் தண்ணி பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டு மெருகேற்றலாம். தப்பைத் திருத்த இடம் கொடுக்கும் பெயிண்ட். இந்த நினைப்பில் இடது கதவை லேசாகத் தேய்த்து என்.சி. அடித்தேன். இரண்டாவது கோட்டில் பாலாடை சுருங்குகிற மாதிரி மொத்தக் கதவும் சுருங்கிக்கொண்டது.

காரணம் எளிது. வருஷா வருஷம் அடித்த எப்.சி. பெயிண்ட் எல்லாம் எனாமல். என்.சி. தின்னர் காரமானது, எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். என்.சி.யின் மேல் எனாமல் அடித்தால் பெரும்பாலும் தாங்கும், எனாமலின் மேல் என்.சி. தாங்காது. இதைக் கடையில் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னபோது சிரித்துவிட்டு ஒரு சோதனை சொன்னார். வெள்ளைத் துணியில் கொஞ்சம் என்.சி. தின்னரை நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் அழுத்தித் தேய்க்க வேண்டும். நிறம் கரைந்து துணியில் ஏறினால் பழையது என்.சி. மெத்தென்று சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் 2கே அல்லது கம்பெனியில் சூளையில் வைத்த பெயிண்ட். இரண்டு நிமிஷச் சோதனை. அதைச் செய்யாததால் எனக்கு ஐந்து நாள் போனது: அந்தக் கதவை இரும்பு தெரியச் சுரண்ட வேண்டியதாயிற்று.

சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் விதி போட்டார்கள். அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கான விதி. வண்டிப் பெயிண்டுக்கு அல்ல. பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல் தண்ணி பேப்பரில் நனைத்துத் தேய்ப்பது நல்லது. முகமூடி, தனிச் சட்டை, குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வது இதெல்லாம் கட்டாயம்.

என்.சி.யின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கோட் மெல்லியது; ஐந்தாறு கோட் வேண்டும். காய்ந்த பிறகும் தின்னரில் கரையும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பால் ஊற்றியதுபோல் வெள்ளை பூக்கும்; கடலோரத்தில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமில்லை. தேய்த்த தூள் தீப்பிடித்தால் சடாரென்று எரியும். வெயிலில் நிற்கும் சரக்கு வண்டிக்கு இது தோதான பெயிண்ட் இல்லை. நிழலில் நிற்கும் பழைய அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் அழகாக இருக்கும்.

எனாமலை இளக்காரமாக நினைக்க வேண்டாம்

லாரி பெயிண்ட் என்று முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான். ஆனால் வீட்டில் கருவி இல்லாதவனுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. பிரஷ்ஷில் அடிக்கலாம், சின்ன ஸ்பாஞ்ச் ரோலரில் அடிக்கலாம், ஸ்பிரே கன்னிலும் அடிக்கலாம். காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுவதால் பிரஷ் தடமெல்லாம் தானே சமமாகிக்கொள்ளும். நான் வாங்கியபோது லிட்டர் 400 ரூபாய்ச் சுற்றில் இருந்தது. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். லோடு பாடியின் உள்ளும் புறமும் கேபினும் சேர்த்தால் 20 சதுர மீட்டரைத் தாண்டும்; இரண்டு கோட்டுக்கு நாலைந்து லிட்டர் போதும். ரெட் ஆக்சைடு அடிப்பூச்சின் மேல் நன்றாகப் பிடிக்கும். மூன்று வருஷம் கழித்து ஒரு மூலை உரிந்தால் அந்த மூலையை மட்டும் தேய்த்து அரை டின்னில் முடித்துக்கொள்ளலாம். உப்பு மூட்டையும் இரும்புக் கம்பியும் உரசும் இடத்தில் இந்தச் சௌகரியம் பளபளப்பைவிடப் பெரிது.

குறை என்ன? மெதுவாகக் காய்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஒட்டும் பதத்தில் இருக்கும்போது வேப்பம்பூ, கொசு, பக்கத்து வீட்டுப் பூனையின் கால் எல்லாம் வந்து பதியும். முழு இறுக்கம் வர வாரங்கள் ஆகும். அதற்குள் ஏற்றி இறக்கினால் நகக்கீறல் விழும். இரண்டு மூன்று கோடைக்குள் சிவப்பும் நீலமும் வெளிறி, கையால் தடவினால் சுண்ணாம்புபோல் ஒட்டும். வெள்ளை மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

2கே: பெயிண்ட் நல்லது, மூச்சுக்கு ஆகாது

பளபளப்பிலும் உழைப்பிலும் மற்ற இரண்டும் 2கே-யின் பக்கத்தில் நிற்க முடியாது. டீசல் சிந்தினாலும் வெயில் அடித்தாலும் தாங்கும். விலை எனாமலைப்போல மூன்று நான்கு மடங்கு. பெயிண்டையும் ஹார்டனரையும் டின்னில் போட்டிருக்கும் அளவில் கலக்க வேண்டும், கண்ணளவு கதைக்காகாது. கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தை மூடி வைக்க முடியாது.

என்னை நிறுத்தியது பணமோ கலவையோ இல்லை. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-இல் போபாலில் கசிந்ததும் ஐசோசயனேட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; அது வேறு பொருள், தானே ஆவியாகிப் பரவக்கூடியது. பெயிண்ட் ஹார்டனர் அப்படிப் பரவாது. ஆனால் கன்னில் அடிக்கும்போது நுண்ணிய பனியாகி நேரே நுரையீரலுக்குள் போகும். தொந்தரவு உடனே தெரியாது. கெடுதல் செய்யும் அளவில் இருந்தாலும் வாசனை காட்டிக்கொடுக்காது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா இழுக்கும். அது திரும்பிப் போவது கடினம். தோல் வழியாகவும் இந்த ஒவ்வாமை வரும். மருந்துக்கடை முகமூடி இதற்குத் துணியைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். கார்பன் டப்பா மாட்டிய முகமூடியையும் நம்பக் கூடாது என்கிறார்கள். வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. எத்தனையோ பெயிண்டர்கள் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்களே என்பீர்கள். ஆமாம். அண்ணாச்சிக்கு இரவில் இழுப்பு வருவது எதனால் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம்.

எங்கள் முற்றத்துக்கும் பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னலுக்கும் நடுவே 12 அடி. அந்த ஜன்னலுக்குள் ஒரு கைக்குழந்தை. வீட்டில் 2கே ஸ்பிரே என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அதற்கு மேலும் காரணம் வேண்டுமென்றால் கருவி. ஒரு எச்.பி. சின்னக் கம்ப்ரஸர், டயருக்குக் காற்றடிக்கத்தான் லாயக்கு. நல்ல ஸ்பிரே கன் இழுக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்குகூட அதனால் கொடுக்க முடியாது. பானட்டின் நடுவில் வரும்போது அழுத்தம் குறைந்து, பெயிண்ட் பூவாகச் சிதறாமல் சொட்டாக விழும், அந்த இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். காற்றோடு தண்ணீரும் வரும். அதைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் மீன்கண் மாதிரிப் புள்ளிகள். பட்டறை பூத்தில் தூசி வடிகட்டியும், அடித்த பிறகு 60 டிகிரி அளவில் சூடும் உண்டு. அதுகூடக் கம்பெனிக்கு ஈடாகாது. தொழிற்சாலையில் ரப்பர், ஒயர் எதுவும் மாட்டாத வெறும் உடம்பை 140 டிகிரி அளவில் சுட்டு எடுப்பார்கள். ஓடிய வண்டியை அப்படிச் சுட முடியாது. எனவே புதுசு மாதிரியே ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் கழித்துக் கேளுங்கள்.

பேஸ் கோட்டும் கிளியர் கோட்டும் மெட்டாலிக் நிறத்துக்குத்தான் தேவை. 206 பிறந்தபோது வெறும் வெள்ளை. அதற்கு ஒரே பூச்சு போதும். ஸ்டிக்கர் ராப் ஒட்டலாமே என்று மச்சான் சொன்னார். பட்டியும் வெல்டிங்கும் உள்ள மேற்பரப்பில் அது ஒவ்வொரு மேட்டையும் காட்டிக்கொடுக்கும். உள்ளே துரு வளர்வதை மட்டும் மறைக்கும்.

அதே மச்சானுக்கு இன்னொரு ஆசை: ராணுவ ஜீப்பின் ஆலிவ் பச்சை. அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமான நிறம், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி. வேறு எந்த நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியவும் வேண்டும். எங்கள் ஆர்.சி.யில் வெள்ளை என்றிருக்கிறது. வெள்ளையே இருக்கட்டும்.

கடைசியில் எப்படிப் பிரித்தேன்

வெட்டுவது, துரு எடுப்பது, கழுவுவது, எபாக்சி பிரைமர் பூசுவது எல்லாம் முற்றத்தில், மாசி மாதத்தில். ஐப்பசியிலிருந்து மார்கழி பாதிவரை வடகிழக்கு மழை. ஆனி பிறந்தால் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும். இடையில் மாசியும் பங்குனியும்தான் எங்களுக்குக் கிடைக்கும் அமைதி. பனி விலகிய பிறகு காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் நிறுத்திவிடுவேன். எபாக்சியை ஸ்பிரே செய்யாமல் பிரஷ்ஷிலும் ரோலரிலும் பூசினேன். அதன் ஹார்டனரும் தோலில் பட்டால் ஒவ்வாமை தரும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இரும்பின் மேல் எபாக்சி, அதன்மேல் மெல்லிய பட்டி, எங்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். வெறும் இரும்பில் பட்டி வைக்கும் பழக்கத்தை விட்டாயிற்று.

லோடு பாடி வீட்டிலேயே, எனாமலில், ரோலரால். ஆறு அங்குல ரோலரில் மெல்லிசாக இரண்டு கோட், நடுவே ஒரு நாள் முழுக்க இடைவெளி, 400 நம்பர் தண்ணி பேப்பரில் ஒரு தேய்ப்பு. எட்டடி தள்ளி நின்றால் கன்னில் அடித்தது போலத்தான் இருக்கிறது. கிட்டே போனால் ரோலர் புள்ளி தெரியும். உப்பு மூட்டைக்குத் தெரியப்போவதில்லை. தரைத் தகட்டின் மேல் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை விரிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ரப்பருக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் என்பதால் அதைக் கைவிட்டு, அள்ளி எடுத்துக் கழுவும்படி மரச்சட்டம் வைத்தேன்.

கேபின் மட்டும் பட்டறைக்கு. 85,000 கேட்ட இடத்துக்குப் போகவில்லை. பூத் வைத்திருக்கும் இன்னொருவரிடம் எபாக்சி, பட்டி எல்லாம் முடித்த கேபினைக் காட்டி, அடிக்க மட்டும் எவ்வளவு என்றேன். விரலால் தட்டிப் பார்த்தார், பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார், வலது கதவில் ஒரு அலை இருக்கிறது என்றார். 22,000. அலையை அவர் பார்த்துக்கொள்வார். கண்ணாடி, பீடிங் ரப்பர், கைப்பிடி, லைட் எல்லாவற்றையும் நானே கழற்றிக் கொடுத்ததால் மூன்றாயிரம் குறைத்தார். கழற்றாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தால் பீடிங்கின் ஓரத்தில்தான் முதலில் உரிய ஆரம்பிக்கும்.

மொத்தக் கணக்கு: வெல்டிங் 9,000, கேபின் பெயிண்ட் 19,000, எபாக்சி, எனாமல், பட்டி, உப்புத்தாள், கையுறை, தின்னர், கேன் தண்ணீர் எல்லாம் 14,500. ஆக 42,500. முழுப் பட்டறை வேலையில் பாதி, லாரி பெயிண்டர் கேட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். என் ஏழு வார ஞாயிற்றுக்கிழமைகளை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வீட்டில் மனைவியிடமிருந்தும் ஒரு பில் வரும்.

கேபின் போன வியாழக்கிழமை திரும்பி வந்தது. முன்னால் கண்ணாடி மாதிரி வெள்ளை, பின்னால் சாதாரண வெள்ளை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வண்டியை ஒட்டவைத்தது போல இருக்கிறது. அப்பா ஒரு சுற்று வந்து பார்த்தார். கதவின் அடியில் விரலை விட்டுத் தண்ணீர் வடியும் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று தடவினார். இரண்டு ஓட்டையைப் பட்டறையில் பெயிண்டோடு சேர்த்து அடைத்திருந்தார்கள். தீக்குச்சி கேட்டு வாங்கி அவரே குத்தித் திறந்துவிட்டார்.

இனி முன் கண்ணாடிக்குப் பீடிங் ரப்பர் மதுரையிலிருந்து வர வேண்டும். பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் டேப் ஒட்ட வேண்டும். பின்பலகையில் ஊர்ப் பெயரை எழுத ஆள் பார்த்தாயிற்று. எப்.சி.க்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.